இழுத்துப் பார்க்காத கட்டு

இருசப்பன் தன் வலது கையை இடது கையால் தூக்கி மேஜைமேல் வைத்தான். யாரோ பஸ்ஸில் மறந்துவிட்டுப் போன பையை எடுத்து ஓரமாக வைப்பதுபோலக் கொஞ்சம் அக்கறையும் கொஞ்சம் அலுப்புமாக வைத்தான். பிறகு என் முகத்தைப் பார்த்தான். கேள்விகளை ஆரம்பிக்கலாம் என்று அர்த்தம்.

அது எங்களுடைய ஆறாவது செவ்வாய்க்கிழமை. செங்கல்பட்டில் காலை ஆறரை மணி பஸ்ஸைப் பிடித்து, மாமல்லபுரத்தில் இறங்கி, கோவளம் போகும் பஸ்ஸில் மாறி, நெம்மேலிக்கு முன்பே ஒரு சவுக்குத் தோப்பருகே இறங்கி, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மணலில் அரை மைல் நடந்தால் அந்தக் குப்பம் வரும். பால்வாடிக் கட்டடத்தின் ஒரே அறையை எனக்காகக் காலி செய்து கொடுப்பார்கள். அதாவது, பிள்ளைகளை வெளியே விரட்டுவார்கள். அவர்கள் ஜன்னலில் வந்து தொங்குவார்கள். நான் ஜன்னலைச் சாத்துவேன். அறை அடுப்பாகிவிடும். மறுபடியும் திறப்பேன். தனிமை, நம்பிக்கை, ரகசியம் காத்தல் என்று சென்னையில் இரண்டு வருஷம் படித்துவிட்டு வந்தவளின் நிலைமை இது.

என் வேலை என்னவென்று என் அப்பாவுக்கே சொல்லிப் புரியவைக்க முடியவில்லை. சிறுவர்களோடும் வயசுப்பிள்ளைகளோடும் பேசி, அவர்கள் மனசில் இருக்கும் சிக்கலை மெல்ல எடுப்பது என்று ஒருமுறை சொன்னேன். "அதுக்கு ஏம்மா சம்பளம்?" என்றார். எங்கள் ஊர் படாளத்தில் உறவுக்காரர்கள் கேட்டால், "சாரதாம்பாள் டீச்சரா இருக்கா" என்று சொல்லிவிடுவார். குப்பத்திலும் அதே கதைதான். கைப்பையோடு வரும் பெண் ஒன்று நர்ஸாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் டீச்சராக இருக்க வேண்டும். ஊசி இல்லை, மாத்திரை இல்லை என்று முதல் நாளே தெரிந்துபோனதால் நான் டீச்சர் ஆகிவிட்டேன். முப்பத்தொரு வயசில் எந்தப் பள்ளிக்கூடத்திலும் கால் வைக்காமலே அந்தப் பட்டம் கிடைத்தது.

இருசப்பனுக்குப் பதினைந்து வயசு. ஐப்பசிக் கடைசியில் அவன் அண்ணன் சடையனும் அப்பா சிங்காரமும் கட்டுமரத்தில் போனார்கள். அலையைத் தாண்டிய கொஞ்ச நேரத்தில் கட்டு விட்டுப்போய் மரங்கள் தனித்தனியே பிரிந்தன. சிங்காரம் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டு கரை சேர்ந்தார். சடையன் மூன்றாம் நாள் மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒதுங்கினான். அவனை எடுத்து அடக்கம் செய்த மறுநாள் காலையில் இருசப்பனின் வலது கை எழும்பவில்லை. தோளிலிருந்து விரல்வரை துணி காயப்போட்டதுபோலத் தொங்கியது. ஆஸ்பத்திரியில் குத்திப் பார்த்தார்கள், தட்டிப் பார்த்தார்கள், படம் எடுத்தார்கள். எதுவும் தெரியாமல், செங்கல்பட்டில் நான் வேலை பார்க்கும் மையத்துக்கு அனுப்பினார்கள். எங்கள் டாக்டர் மோசஸ் மட்டும் அரை மணி நேரம் அவனோடு உட்கார்ந்திருந்துவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"கையில ஒரு கோளாறும் இல்ல சாரதா. நரம்பு, எலும்பு எல்லாம் சரியா இருக்கு. ஆனா பையன் நடிக்கவும் இல்ல. ரெண்டாவது விஷயத்தை மறந்துடாதே."

நான் மறக்கவில்லை. ஆனால் எனக்கு ஒரு கெடு இருந்தது. முதல் செவ்வாயன்றே சிங்காரம் பால்வாடி வாசலில் நின்று, உள்ளே வராமல், அதை அறிவித்திருந்தார்.

"மாசி மகம் வரிக்கும் பாப்பேன் டீச்சர். அதுக்குள்ள நீ பேசி எயுப்பினா சரி. இல்லேன்னா மேக்கால ஒருத்தர் கீறாரு. கம்பியக் காய்ச்சி மூணு கோடு இஸ்தாருன்னா செத்த கை எயுந்துக்கும்."

மிரட்டவில்லை. வீட்டுக் கூரை மாற்றுவதைப் பற்றிப் பேசுவதுபோலச் சொன்னார். இருசப்பன் பக்கத்தில்தான் நின்றிருந்தான்.

ஆகவே ஆறாவது செவ்வாயன்று நான் ஒரு புது யோசனையோடு போயிருந்தேன். அதுவரை கேட்ட கேள்விகளுக்கு அவன் சொன்ன பதில்களைச் சேர்த்தால் ஒரு தபால் கார்டுகூட நிரம்பாது. பந்து, மணி, களிமண் எதையும் அந்தக் கை சட்டை செய்யவில்லை. பழக்கப்பட்ட பொருளாக இருந்தால் கை தன்னையறியாமல் அசையும் என்று எங்கோ படித்திருந்தேன். கடல்காரப் பிள்ளைக்குப் பழக்கப்பட்டது என்ன? அந்த ஞாயிற்றுக்கிழமை படாளம் போயிருந்தபோது எங்கள் மாட்டுக் கொட்டகையிலிருந்து இரண்டு முழம் தேங்காய்நார்க் கயிறு அறுத்துக்கொண்டு வந்தேன். பஸ்ஸில் வரும்போது என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன். இதை எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

கயிற்றை எடுத்து அவன் கைக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"இந்த மேஜைக்காலோட சேர்த்து ஒரு முடிச்சு போடு பாப்போம். எப்படி வேணா போடு. எங்க ஊர்ல மாடு கட்டற முடிச்சு ஒண்ணுதான் எனக்குத் தெரியும். நீ உங்க முடிச்சைக் காட்டு."

அவன் கயிற்றைப் பார்த்தான். உதட்டுக்கு மேலே பொடிப்பொடியாக வியர்த்தது. எழுந்தான். வாசற்படிவரை போய் அங்கேயே குனிந்து வாந்தி எடுத்தான். ஜன்னல் பிள்ளைகள் சிரித்தன. அவன் நிமிர்ந்து, என்னைத் திரும்பிப் பார்க்காமல், தோப்புப் பக்கம் ஓடினான். வலது கை அவன் இடுப்பில் மோதி மோதி ஆடிக்கொண்டு கூடவே போனது.

அன்று மத்தியானம் திரும்பும் பஸ்ஸில் அவன் அம்மா ஆதியம்மாள் ஏறினாள். மீன்கூடையோடு திருக்கழுக்குன்றம் சந்தைக்குப் போகிறவள். கண்டக்டர் வழக்கம்போலக் கூடையைக் கடைசி சீட்டுக்கு விரட்டினார். நான் என் இடத்தை விட்டுவிட்டுப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். கயிறு என்றதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"ஐயோ, அத்தப் போயி ஏன் குட்த்த? அன்னிக்கு முன்கட்டு போட்டதே அவந்தானே."

அப்புறம்தான் எனக்கு விஷயம் தெரிந்தது. கட்டுமரம் என்று நாம் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். அது ஒரு பொருள் இல்லை. தினமும் கரைக்கு வந்ததும் மரங்களை அவிழ்த்துக் காயப்போடுகிறார்கள். தினமும் போகும்போது முன்னால் ஒரு கட்டு, பின்னால் ஒரு கட்டு போட்டு ஒன்றாக்குகிறார்கள். அன்றைக்கு, முதன்முறையாக, சடையன் கேட்டுக்கொண்டதால், முன்கட்டை இருசப்பன் போட்டிருக்கிறான்.

"போட்டதும் யாரும் இழுத்துப் பார்க்கலையா?" என்று கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையில், சாமிமேல் காலைத் தூக்கி வைத்துவிட்டேனோ என்றிருந்தது.

"ஒரு ஆம்பள போட்ட கட்ட இன்னொருத்தன் தொட்டு இஸ்துப் பாக்க மாட்டான் டீச்சர். பாத்தான்னா, உன்னை நம்பி நான் வரலைன்னு மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி. அதுக்கு அப்பறம் ரெண்டு பேரும் ஒரே மரத்துல ஏற மாட்டாங்க."

எங்கள் வீட்டில் அப்பா மாட்டைக் கட்டிவிட்டு நகர்ந்ததும் அம்மா போய் இரண்டு தடவை இழுத்துப் பார்ப்பாள். அப்பா அதற்காக ஒருநாளும் கோபித்துக்கொண்டதில்லை. உயிரைக் கொண்டுபோகும் கட்டை இழுத்துப் பார்க்காமல் இது என்ன மரியாதை என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. வாயை மூடிக்கொண்டேன். பிள்ளையைப் பறிகொடுத்தவளிடம் போய்ச் சொல்கிற பேச்சா அது.

பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. கூடையை முழங்காலால் அணைத்துக்கொண்டு அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"அவுரு கெடு வெச்சிகீறாருன்னு நீ ஓடியாந்து ஓடியாந்து பாக்கற. எதுக்கு அவசரம்? மெதுவாப் பாரு."

"மெதுவாப் பார்த்தா சூடு போட்டுடுவாரே."

"சூடு ஆறிப்பூடும் டீச்சர்."

எனக்கு முதலில் புரியவில்லை. அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு பேசினாள்.

"கை வந்துச்சின்னா மறுநாளே மரத்துல ஏத்திடுவாரு. இப்ப ஒண்டியாத்தானே போயிகினு கீறாரு. ஒத்தக் கைய வெச்சிகினு இன்னா வோணா செய்யலாம். என்கூட சந்தைக்கு வர்லாம், சோடாக் கடையில நிக்கலாம். துடுப்பு ஒண்டிதான் போட முடியாது. எனக்கு அது போதும். நீ வாரா வாரம் வா. பேசு. கேளு. கைய மட்டும் அப்பிடியே வுட்டுடு."

திருக்கழுக்குன்றத்தில் அவள் இறங்கிப்போன பிறகும் என் கால் நனைந்திருந்தது. கூடையிலிருந்து ஒழுகிய தண்ணீர். ஒவ்வொரு செவ்வாயும் தவறாமல் பையனைக் கூட்டிவந்து என் முன்னால் உட்காரவைத்த பெண் அவள்தான். அவள் வேண்டிக்கொண்டதெல்லாம் நான் தோற்கவேண்டும் என்றுதானா? எனக்குக் கோபம் வரவேண்டும். வரவில்லை. அவள் இடத்தில் நான் இருந்தாலும் அதையேதான் வேண்டிக்கொண்டிருப்பேன்.

ஏழாவது செவ்வாயன்று அவன் பால்வாடிக்கு வரவில்லை. நான் தோப்புக்குப் போனேன். சவுக்கு இலைகள் உதிர்ந்து மெத்தென்றிருந்த தரையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். நானும் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தேன். கேள்வி கேட்கக்கூடாது என்று நாக்கைக் கடித்துக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் செய்த கடினமான வேலைகளில் அது ஒன்று. எறும்பு ஏறியது, தட்டிவிட்டேன். "கயிறு கொடுத்தது என் தப்பு. எனக்குத் தெரியாது" என்று மட்டும் சொன்னேன்.

பிறகு அவன் ஆறு வாரத்துக்குச் சேர்த்துப் பேசினான்.

"நைனா வாணாம்னுதான் சொல்லிச்சி. அண்ணன்தான், தம்பி கட்டட்டும் நைனா, எத்தினி நாளைக்கு வேடிக்க பாத்துகினு நிப்பான்னு கேட்டுச்சி. நான் நல்லாத்தான் கட்டனேன். மூணு சுத்து சுத்தி, கால வெச்சி ஒதச்சிகினு இஸ்து இறுக்கித்தான் கட்டனேன். அண்ணன் பாத்துச்சி. சிரிச்சிச்சி. இஸ்துப் பாக்கல."

"ம்."

"இஸ்துப் பாத்திருந்தா அவுந்திருக்கும். கரையிலயே அவுந்திருக்கும். நாலு அறை அறைஞ்சிட்டு அது மறுபடியும் கட்டியிருக்கும்."

இடது கையால் வலது கை விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து நீவினான்.

"நைனாவுக்குத் தெரியும். அத்தான் எங்கிட்ட பேசறதே இல்ல. வூட்ல அண்ணன் பேரே எடுக்கறதில்ல. நீ யாராண்டயும் சொல்லாத டீச்சர். அம்மாவாண்ட சொல்லாத."

சொல்லமாட்டேன் என்று சத்தியம் செய்தேன். அது என் தொழிலின் முதல் விதி. பிள்ளை நம்பிச் சொன்னதைப் பெற்றவர்களிடமும் சொல்லக்கூடாது. அந்த விதியைச் சரியென்று நினைத்துத்தான் படித்தேன், பரீட்சையில் நன்றாக எழுதினேன்.

எட்டாவது வாரம் நான் சிங்காரத்தைத் தேடிப் போனேன். அப்பாவின் பக்கத்தையும் கேட்பது என் வேலைதான். வீட்டுக்குப் பின்னால் வலையைக் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டு கிழிசல் பின்னிக்கொண்டிருந்தார். அவருக்கு ஐம்பதுக்குள்தான் இருக்கும். மார்பில் மரம் உராய்ந்த தழும்பு இன்னும் வெளுப்பாக இருந்தது. உட்காருங்க என்று சொல்லவில்லை. ஒரு பலகையைக் காலால் என் பக்கம் நகர்த்தினார். அந்த நாளைப் பற்றிக் கேட்டேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். யாராவது கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தவர்போலச் சொன்னார்.

"கவுறு பழசு டீச்சர். பெரியவன் ரெண்டு வாட்டி சொன்னான், நைனா கவுறு மாத்தணும்னு. பொங்கல் வரிக்கும் தாங்கும் போடான்னேன். ஒரு எடத்துல தேஞ்சி நூலு நூலா நின்னுகினு இருந்துச்சி. அத்த அடிப்பக்கமாத் திருப்பி வெச்சிதான் சின்னவன் கையில குட்த்தேன்."

ஊசி நிற்காமல் உள்ளே போய் வெளியே வந்துகொண்டிருந்தது.

"அந்த எடத்துலதான் அறுந்துச்சி. நான் புட்ச்சிகினு வந்த மரத்துல சின்னவன் போட்ட கட்டு அப்பிடியே சுத்திகினு இருந்துச்சி. கட்டு அவுரல. கவுறுதான் பூட்ச்சி."

"அந்தக் கட்டு எங்கே?" என்றேன்.

கூரையைக் காட்டினார். ஓலைக்குள் சொருகி வைத்திருக்கிறாராம்.

"யார்கிட்டயாவது சொன்னீங்களா?"

"ஆராண்ட சொல்றது? அவளாண்டயா? சொன்னா அன்னிக்கே பொறந்த வூட்டுக்குப் பூடுவா. போனா திரும்ப மாட்டா. சின்னவனுக்குத் தெரியும். கவுத்தக் கையில வாங்கனவன் அவந்தானே, தேஞ்சத பாத்திருப்பான். அத்தான் என் மூஞ்சியப் பாக்க மாட்டன்றான். ஒரு வார்த்த பேச மாட்டன்றான். பேசாம இருந்தே கொல்றான்." பிறகு, "நீயும் சொல்லிடாத டீச்சர்" என்றார். சரி என்று தலையை ஆட்டினேன்.

ஒரே கூரையின்கீழ் மூன்று மாசத்துக்கு மேலாக அப்பன் பிள்ளையைப் பார்த்துப் பயப்படுகிறான், பிள்ளை அப்பனைப் பார்த்துப் பயப்படுகிறான். நடுவில் உட்கார்ந்து சோறு போடுகிறவளுக்கு இரண்டும் தெரியாது. எனக்கு இரண்டும் தெரியும். அதைச் சொல்லக்கூடாது என்று இரண்டு பேருக்கும் வாக்குக் கொடுத்துவிட்டு, சம்பளம் வாங்கிக்கொண்டு, பலகையில் உட்கார்ந்திருக்கிறேன். மாசி மகத்துக்கு ஒன்பது நாள் இருந்தது. அந்தக் கம்பி எந்த ஊரில் எந்த அடுப்பில் காயப்போகிறது என்றுகூட எனக்குத் தெரிந்திருந்தது.

நான் எழுந்தேன். போயிருக்கலாம். போகவில்லை.

"நான் ஒண்ணு சொல்லலை, கேக்கறேன். ரெண்டு வாரத்துக்கு முன்னாடி உங்க பையன் முன்னாடி ஒரு துண்டுக் கயிறு வெச்சேன். எங்க வீட்டு மாட்டுக் கயிறு. சும்மா ஒரு முடிச்சு போடுன்னேன். வாந்தி எடுத்துட்டு ஓடிட்டான். அவனுக்கு உங்க மேலதான் கோவம்னா, கயித்தைப் பாத்து ஏங்க அவன் பயப்படணும்?"

அவர் நிமிரவில்லை.

"அவன் எந்தக் கையால கட்டு இறுக்குவான்?"

"சோத்தாங்கை" என்றார். சொன்ன பிறகுதான் ஊசி நின்றது.

நான் திரும்பிப் பார்க்காமல் நடந்தேன். மணல் சுட்டது. செருப்பைப் பலகைக்குப் பக்கத்திலேயே விட்டுவிட்டேன் என்பது பஸ்ஸில் ஏறிய பிறகுதான் தெரிந்தது. செங்கல்பட்டு வரை வெறுங்காலோடு போனேன். பையன் கொடுத்த நம்பிக்கையை விற்றுவிட்டேன் என்று ஒரு பக்கம், இதைச் செய்யாமல் வேறு எதற்கு நான் இருக்கிறேன் என்று ஒரு பக்கம். டாக்டர் மோசஸிடம் சொன்னேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேட்டார்.

"நீ சொல்லலை. ஆனா சொல்லிட்டே. அப்படித்தானே?"

"ஆமா சார்."

"அடுத்த வாரம் அவன் உன் மூஞ்சியைப் பார்க்கலைன்னா என்ன பண்ணுவே?"

கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார்.

ஒன்பதாவது செவ்வாய், மாசி மகத்துக்கு இரண்டு நாள் முன்பு. தோப்பைத் தாண்டும்போதே பால்வாடிப் பக்கம் ஒரு பிள்ளையும் இல்லை என்று தெரிந்தது. எல்லாம் கரையில் நின்றன. மத்தியானத்துக்கு மேல் வலைபோடப் போகிறவர்கள் ஆங்காங்கே மரங்களைப் பொருத்திக்கொண்டிருந்தார்கள். சிங்காரத்தின் மரங்கள் மட்டும் கட்டாமல் கிடந்தன. அவர் அவற்றுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார். எதிரே இருசப்பன், வலது கையை இடது கையால் தாங்கிப் பிடித்துக்கொண்டு. சந்தைக்குக் கிளம்பிய ஆதியம்மாள் கூடையைத் தலையில் வைத்தபடி பாதி வழியில் நின்றிருந்தாள்.

என்னைப் பார்த்ததும் சிங்காரம் லேசாகத் தலையை அசைத்தார். வா என்றா, போ என்றா, தெரியவில்லை. இருசப்பன் என்னைப் பார்க்கவில்லை.

சிங்காரம் இடுப்பில் சொருகியிருந்ததை எடுத்தார். ஒன்றரை முழம் கயிறு. உப்புக் காய்ந்து கட்டையாக விறைத்திருந்தது. நடுவில் ஒரு முடிச்சு, மூன்று சுற்று சுற்றி இறுகிப்போனது. ஒரு முனை கத்தியால் அறுத்த முனை. இன்னொரு முனை பிய்ந்து, பழைய துடைப்பம்போல விரிந்திருந்தது.

"இது நீ போட்ட கட்டு" என்றார். அடுத்த மரத்தில் வேலையாக இருந்த இரண்டு பேர் நிமிர்ந்தார்கள்.

"இஸ்துப் பாரு."

யாரோ "அண்ணாத்த!" என்று அதட்டினார்கள். அந்தக் கரையில் யாரும் யாரையும் பார்த்துச் சொல்லாத வார்த்தை அது. சிங்காரம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. எல்லோருக்கும் கேட்கும்படி பேசினார்.

"கட்டு நின்னுச்சிடா. இந்தா, பாரு, இன்னும் நிக்கிது. கவுறுதான் அறுந்துச்சி. பழங்கவுறு. தேஞ்ச எடம் கண்ணுக்குத் தெரியக்கூடாதுன்னு நான்தான் திருப்பி உன் கையில குட்த்தேன். உங்கண்ணன் மாத்தச் சொன்னான், நான் மாத்தல. நீ இன்னாத்துக்குடா கைய சாவ அடிச்சிகினு கீற? இஸ்துப் பாரு. உன் கட்டு அவுருதான்னு இஸ்துப் பாரு."

இருசப்பன் இடது கையை நீட்டி அறுத்த முனையைப் பிடித்தான். வலது கை தாங்கல் இல்லாமல் பொத்தென்று விழுந்து தொடையில் அடித்தது. கயிறு அவன் கையிலிருந்து தொங்கியது. நடுவில் முடிச்சு, கீழே பிய்ந்த முனை. ஒரு முடிச்சை இழுத்துப் பார்க்க இரண்டு கை வேண்டும் என்பது அப்போதுதான் எங்கள் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் உறைத்தது. சிங்காரம் அந்த முனையைப் பிடிக்கக் கையை நீட்டினார். பாதியில் மடக்கிக்கொண்டார். பையன் போட்ட கட்டைத் தொட அவருக்கு இன்னும் தைரியம் வரவில்லை.

நான் போய்ப் பிடித்துவிடலாமா என்று நினைத்தேன். எங்கள் ஊரில் எந்தக் கட்டையும் யாரும் இழுக்கலாம். ஒரு அடி எடுத்தும் வைத்தேன். அதற்குள் ஆதியம்மாள் வந்தாள்.

கூடையை மணலில் இறக்கினாள். பிய்ந்த முனையைக் குனிந்து எடுத்து உள்ளங்கையில் விரித்து, நூல் நூலாகப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். மீன் விற்கிறவளானாலும் கயிறு அறுவதற்கும் தேய்வதற்கும் வித்தியாசம் தெரியாதவளா. பிறகு தலையை நிமிர்த்திப் புருஷனைப் பார்த்தாள். அவர் கண்ணை எடுத்துக்கொண்டு கடலைப் பார்த்தார்.

"உன்னாண்ட அப்பறம் பேசிக்கிறேன்" என்றாள்.

மகன் பக்கம் திரும்பினாள். அந்த முனையை அவள் பிடித்துக்கொள்வாள் என்றுதான் நான் நினைத்தேன். அவள் ஒரு முனை, அவன் ஒரு முனை. கை அப்படியே இருக்கலாம், கட்டும் நின்றது என்று தெரிந்துவிடும். சந்தையும் சோடாக் கடையும் மிச்சம் இருக்கும். அவள் கேட்டதும் அதைத்தானே. பஸ்ஸில் பார்த்த அவள் முகம் எனக்கு ஞாபகம் வந்தது. என் முகத்தை அவள் ஒரு விநாடி பார்த்தாள். அதில் கோபம் இருந்ததா, வேறு ஏதாவதா, இன்றைக்கும் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

தொங்கிக்கொண்டிருந்த வலது கையை அவள் எடுத்தாள். பிய்ந்த முனையை அதன் உள்ளங்கையில் வைத்தாள். கட்டைவிரலை மடக்கினாள். மற்ற விரல்களை ஒவ்வொன்றாக, தூங்குகிற குழந்தையின் கையை மூடுவதுபோல, மேலே மடக்கினாள். எல்லாவற்றையும் சேர்த்துத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. கையில் மீன் செதிள்கள் ஒட்டியிருந்தன, வெயிலில் மினுங்கின.

"உங்கப்பன் சொல்றாருல்ல" என்றாள். "இஸ்துப் பாருடா."

அலை வந்து போனது. அவள் தன் கைகளை மெல்ல எடுத்தாள், முதலில் ஒன்றை, பிறகு இன்னொன்றை. எடுத்த கைகளை வைத்துக்கொள்ள இடம் தெரியாமல் வயிற்றோடு சேர்த்து இறுக்கிக்கொண்டாள்.

வலது கையிலிருந்து கயிறு விழவில்லை.